தென்னைமரத்தில் பிறந்த தாத்தா: கோலசிலாங்கூர் வரலாற்றில் நம் பக்கம்



நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாற்றுப் பாடம் நடத்தியபோது நிகழ்ந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். 2014 முதல் தொடக்கப்பள்ளிகளில் வரலாறு ஒரு தனிப் பாடமாக நான்காம் ஆண்டிலிருந்து கற்பிக்கப்படுவதை அறிவீர்கள். அப்பாடம் அரசர்களிலிருந்து தொடங்குவதில்லை. தன்னை, தன் குடும்பத்தை, தன் பள்ளியை, தான் வாழும் ஊரை மாணவன் அறிந்துகொள்வதே அதன் முதல் படி. ஆகவே, தாத்தா அல்லது பாட்டியின் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்து, அவர்கள் பிறந்த இடத்தின் பெயரை எழுதி வருமாறு ஒரு சிறு வேலை கொடுத்தேன். மறுநாள் காலையில் ஒரு சிறுவன் மிகுந்த குழப்பத்தோடு என் மேசைக்கு வந்தான்.

"டீச்சர், எங்க தாத்தா தென்னமரத்துலயா பொறந்தாரு?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு அவன் நீட்டிய நகலை வாங்கிப் பார்த்தேன். பிறந்த இடம் என்னும் கட்டத்தில், ஆங்கில எழுத்தில், 'தென்னமாரம் எஸ்டேட், பத்தாங் பெர்ஜுந்தை' என்று தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அவன் படித்தது சரிதான். எழுத்து வேறாக இருந்தாலும் சொல் நம் சொல். அவன் தாத்தா பிறந்தது தென்னைமரத்தில்தான்!

அந்தப் பெயருக்குள் எவ்வளவு பெரிய வரலாறு அடங்கியிருக்கிறது என்பதை அன்று அவனுக்கு என்னால் முழுமையாகச் சொல்ல இயலவில்லை. பாட நேரம் முப்பது மணித்துளிதானே! அதனை இங்கே எழுதுகிறேன்.

மலைமேல் இருக்கும் வரலாறு

எங்கள் ஈஜோக் வட்டாரப் பள்ளிகளில் 'வரலாற்றுச் சுற்றுலா' என்றால் பெரும்பாலும் கோலசிலாங்கூர் நகரிலுள்ள மலாவாத்தி மலைக்குத்தான் பேருந்து போகும். தொலைவும் குறைவு, செலவும் குறைவு. நானும் ஆண்டுதோறும் மாணவர்களை அழைத்துச் சென்றிருக்கிறேன். அங்குள்ள வரலாற்றை முதலில் முறையாகச் சொல்லிவிடுவது நல்லது.

சிலாங்கூர் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இடம் கோலசிலாங்கூர். 'கோலா' என்றால் கழிமுகம். உள்நாட்டில் தோண்டிய ஈயம் ஆற்றின் வழியாகத்தான் கடலுக்கு வந்தாக வேண்டும். எனவே கழிமுகத்தைக் கையில் வைத்திருப்பவனே ஈயத்துக்கு உரிமையாளன். இந்த ஒரு செய்தியை மாணவர் மனத்தில் பதித்துவிட்டால், இங்கே ஏன் கோட்டை எழுந்தது, ஏன் பீரங்கிகள் வந்தன, ஏன் டச்சுக்காரர்கள் வந்தனர் என்பதெல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

பூகிஸ் மரபினரான ராஜா லூமு 1766இல் சிலாங்கூரின் முதல் சுல்தானாக, சுல்தான் சலேஹுடின் என்னும் பெயரோடு முடிசூடினார். அவர் மகன் சுல்தான் இப்ராகிம் காலத்தில் மலாவாத்தி மலைமேல் கோட்டை அமைந்தது. 1784இல் ரியாவின் ராஜா ஹாஜி, டச்சுக்காரர் வசமிருந்த மலாக்காவைத் தாக்கியபோது சுல்தான் இப்ராகிமும் அவரோடு சேர்ந்துகொண்டார். அந்தப் போரில் ராஜா ஹாஜி வீழ்ந்தார். சினம் தீராத டச்சுக் கப்பற்படை அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் கோலசிலாங்கூருக்கு வந்து கோட்டையைக் கைப்பற்றியது. சுல்தான் பகாங்குக்குப் பின்வாங்கினார். டச்சுக்காரர்கள் தங்கள் ஆளுநர் நாயகம் வில்லெம் அர்னோல்ட் ஆல்திங் பெயரால் கோட்டைக்கு 'ஆல்திங்ஸ்பர்க்' என்று பெயர் சூட்டினர். ஆனால் அந்த வெற்றி ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 1785இல் பகாங் படையின் துணையோடு திரும்பி வந்த சுல்தான் கோட்டையை மீட்டுவிட்டார்.

இன்று மலையுச்சியில் வெண்ணிறத்தில் நிற்கும் கலங்கரை விளக்கத்திற்கும் ஆல்திங்ஸ்பர்க் என்றே பெயர். அதனால் அதனை டச்சுக்காரர்கள் கட்டியதாகப் பலர் எழுதுகிறார்கள். மாணவர் செயல்திட்டங்களிலும் அப்படியே படி எடுக்கப்படுகிறது. இது பிழை. விளக்கம் கட்டப்பட்டது 1907இல். உயரம் 27 மீட்டர். அப்போது ஆட்சி பிரிட்டிஷாருடையது. 1824ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி டச்சுக்காரர்கள் மலாக்காவையே விட்டுப் போய் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. ஆசிரியர்கள் இதனைத் திருத்திச் சொல்ல வேண்டுகிறேன்.

எண்ணிப் பாருங்கள். ஓராண்டுகூட ஆளாத ஒரு கூட்டத்தின் தலைவர் பெயர், அவர்கள் போய் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், அவர்கள் கட்டாத ஒரு கட்டடத்தின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது! பெயருக்கு அத்தனை ஆயுள்.

மலையில் வேறு சில இடங்களும் உண்டு. முதல் மூன்று சுல்தான்களின் அடக்கத்தலம் இருக்கிறது; அங்கே மாணவர்களை அமைதியாக நடக்கச் சொல்ல வேண்டும். குற்றவாளிகளுக்குத் தண்டனை நிறைவேற்றியதாகச் சொல்லப்படும் பாறை இருக்கிறது. 'நச்சுக் கிணறு' இருக்கிறது. துரோகிகளை அரிப்பும் எரிச்சலும் தரும் சாறு கலந்த நீருக்குள் இறக்கி வதைத்தார்கள் என்பது அதன் கதை. நான் இதனைக் கதை என்றே சொல்லிக் கொடுப்பேன். ஆனால் என்ன செய்வது? சுல்தான் இப்ராகிமின் ஆண்டுக் கணக்கை மறந்துவிடும் மாணவன் நச்சுக் கிணற்றை மட்டும் ஆறாம் ஆண்டு வரை மறப்பதில்லை. அதற்கு அடுத்து அவர்கள் மறக்காதவை குரங்குகள். கரிய வெள்ளி நிறத் தாய்க்குரங்கின் மடியில் பொன்னிறக் குட்டி இருப்பதைக் கண்டால் என் விளக்கவுரை அத்தோடு முடிந்தது!

1871ஆம் ஆண்டுச் செய்தியையும் குறிப்பிட வேண்டும். சிலாங்கூர் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. கடற்கொள்ளைக்காரர்களைத் தேடி வந்ததாகக் கூறிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் ரினால்டோ, அவ்வாண்டு ஜூலையில் கோலசிலாங்கூர்க் கோட்டைகளைக் குண்டுவீசித் தகர்த்தது. மூன்றாண்டுகளில் சிலாங்கூர் பிரிட்டிஷ் ஆலோசகரின் கீழ் வந்தது. அதன் பிறகு அரசியல் மையம் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் நகர்ந்துவிட, கோலசிலாங்கூர் மெல்ல ஓர் அமைதியான கடலோர ஊராகியது. மீன், இறால், கண்டல் காடு, கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் ஒரே தாளத்தில் ஒளிவிடும் மின்மினிகள்... இவற்றைப் பற்றிச் சுற்றுலா நூல்கள் நிறையவே எழுதிவிட்டன.

தென்னைமரச் சிறுவன் கேள்வி கேட்டதற்கு இரண்டு வாரத்திற்குப் பிறகுதான் அவ்வாண்டின் மலாவாத்திச் சுற்றுலா நடந்தது. மலைமேலுள்ள மாவட்ட வரலாற்று அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்து வெளியே வந்ததும் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "இதுல எங்க தாத்தா தோட்டம் இல்லையே டீச்சர்?"

அருங்காட்சியகத்தின் மேல் நான் குறை சொல்ல வரவில்லை. அது கோட்டையின் கதையைச் சொல்ல நிற்கும் இடம். நான் வெட்கப்பட்டது என்னை நினைத்துத்தான். இத்தனை ஆண்டுகள் பேருந்து நிறையத் தோட்டத்து வழிவந்த பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, சாலையின் இருபுறமும் செம்பனை நிற்க, அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் மலையை நோக்கி மட்டுமே போய் வந்திருக்கிறேன். ஆசிரியர் பயிற்சியின்போது எங்களுக்கும் யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. மலாக்கா சுல்தானகத்தைப் படித்தோம். நாங்கள் பிறந்த தோட்டங்களைப் படிக்கவில்லை.

மலையடியில் கிடக்கும் வரலாறு

கலங்கரை விளக்கம் எழுந்த அதே 1907ஆம் ஆண்டை வைத்துக்கொண்டே நம் கதையையும் தொடங்கலாம். அந்த ஆண்டில்தான் தமிழர் குடியேற்ற நிதி என்னும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. தோட்ட முதலாளிகளிடம் திரட்டிய பணத்தைக் கொண்டு தென்னிந்தியாவிலிருந்து ஆள்களைக் கப்பலேற்றிக் கொணர்ந்தார்கள். காப்பி விலை வீழ்ந்து, ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த காலம். காடு அழிக்கக் கைகள் வேண்டியிருந்தன. கங்காணி தன் ஊருக்குத் திரும்பிப் போய், உறவிலும் சாதியிலும் அண்டை வீட்டிலும் ஆள் சேர்த்து அழைத்து வருவார். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) இறங்கினர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறையில் ஆள் வருவது, 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை தொடர்ந்தது.

அவர்கள் வந்து சேர்ந்த இடங்களின் பெயர்களைப் பாருங்கள்: புக்கிட் ஈஜோக், ராஜா மூசா, சுங்கை ரம்பை, சுங்கை திங்கி, மின்யாக், மேரி, நைஜல் கார்ட்னர்... மலாய்ப் பெயர்கள் சில, ஆங்கிலேயர் பெயர்கள் சில. எங்கள் ஈஜோக்கின் பெயரும் மலாய்ச் சொல்தான். கபோங் என்னும் பனைவகையின் அடிமரத்தில் கிடைக்கும் கருநாரை 'ஈஜோக்' என்பார்கள். கூரை வேயவும் கயிறு திரிக்கவும் பயன்பட்ட நார். (2007இல் இடைத்தேர்தல் வந்தபோதுதான் இப்படி ஓர் ஊர் இருப்பதே நாட்டுக்குத் தெரிந்தது. ஒரு மாதம் சாலையெல்லாம் கொடி! பிறகு கொடிகள் போயின, ஊர் இருக்கிறது.)

இந்தப் பெயர்களுக்கு நடுவில் ஒரே ஒரு தமிழ்ப் பெயர் தலைநிமிர்ந்து நிற்கிறது. அதுதான் தென்னமாரம்.

தென்னைமரத்தில் செம்பனை

ஹென்றி ஃபோகோனியே என்பவர் பிரான்சு நாட்டவர். 1879இல் பிறந்தவர். 1905இல் மலாயாவுக்கு வந்து சேர்ந்தார். கிள்ளான் பகுதித் தோட்டமொன்றில் சில மாதங்கள் தொழில் பழகினார். அப்போது அவர் கற்றுக்கொண்டவை இரண்டு மொழிகள்: மலாயும் தமிழும். தமிழ் தெரியாமல் அந்நாளில் தோட்டம் நடத்த முடியாது. பின்னர்ச் சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங்கில் நிலம் பெற்று ரப்பர் பயிரிட்டார். பெல்ஜிய நாட்டு முதலீட்டாளர் ஆட்ரியன் ஹாலே அவருக்குத் துணைநின்றார்.

ஹாலே அப்போது சுமத்திராவில் எண்ணெய்ப்பனை பயிரிடத் தொடங்கியிருந்தார். நாம் செம்பனை என்று சொல்லும் அந்த மரம் நம் மண்ணுக்குரியதன்று, மேற்கு ஆப்பிரிக்காவுக்குரியது. 1848இல் சாவகத் தீவின் போகோர்த் தாவரப் பூங்காவில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்களே சுமத்திராவுக்குப் போயின. மலாயாவில் அதுவரை அது ஓர் அழகு மரம். மாளிகை முற்றத்திலும் பாதையோரத்திலும் நிற்கும், அவ்வளவுதான். 1911இல் ஃபோகோனியே சுமத்திராவிலிருந்து விதைகளை வரவழைத்தார். அவையும் முதலில் ரந்தாவ் பாஞ்சாங்கில் அழகுக்காகவே முளைத்தன. பிறகு 1917இல் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமாரம் தோட்டத்தில், எண்ணெய்க்காகவே, வரிசையாக நடப்பட்டன.

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். இன்று நாடெங்கும் இலட்சக்கணக்கான எக்டரில் பரந்து கிடக்கும் செம்பனைக்குத் தாய்வீடு, கோலசிலாங்கூர் மாவட்டத்தில், தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு தோட்டம்! தென்னைமரம் என்று பெயர், நட்டது பனை. பாடநூலில் '1917, தென்னமாரம் தோட்டம்' என்று ஒரு வரி வரும்போது அது தமிழ்ச் சொல் என்பதை எத்தனை ஆசிரியர்கள் நின்று சொல்லியிருப்போம்?

ஃபோகோனியே பின்னர் எழுத்தாளராகவும் புகழ்பெற்றார். மலாயா வாழ்வை வைத்து அவர் எழுதிய 'மலேசி' என்னும் நாவலுக்கு 1930இல் பிரான்சின் உயரிய கொங்கூர் விருது கிடைத்தது. துரை எழுதிய புத்தகம் பாரிசில் பாராட்டப்பட்டது. நட்ட கைகளுக்கு உரியவர்களின் பெயர்கள் செக்ரோல் புத்தகத்தில் மட்டும் இருந்தன. மாதம் முடிந்ததும் அந்தப் பக்கம் புரட்டப்பட்டது.

செம்பனையைப் பற்றி இன்னொரு செய்தி. இது என் தாயார் வழியாக வந்தது. ஆப்பிரிக்காவில் ஒரு சிறு வண்டுதான் செம்பனையில் மகரந்தச் சேர்க்கையைச் செய்கிறது. மலாயாவுக்கு மரம் வந்தது, வண்டு வரவில்லை. ஆகவே காய் பிடிப்பது குறைவாக இருந்தது. இதற்குத் தோட்டங்கள் கண்ட வழி, மனிதக் கைகள். ஆண் பூவிலிருந்து தூளைச் சேர்த்து, உலர்த்தி, முகமாவுபோன்ற பொடியோடு கலந்து, பெண் பூவைத் தேடித் தேடி ஊதிவிட வேண்டும். இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். என் தாயாரும் திருமணமான புதிதில் இதனைச் செய்தவர். 'பூத்தூள் அடிக்கப் போனேன்' என்பார். மட்டையின் முள் கிழித்த தழும்பு அவர் முன்கையில் இன்றும் உண்டு. 1981இல் கேமரூன் நாட்டிலிருந்து அந்த வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். விளைச்சல் பெருகியது; அந்த வேலையும் மறைந்தது. வண்டு வந்த கதை வேளாண்மை நூல்களில் இருக்கிறது. வண்டு வருமுன் அந்த வேலையைச் செய்தவர்கள் யார் என்று கேட்டால் அந்தப் பெண்களின் பிள்ளைகளான நாம்தான் சொல்ல வேண்டும்.

ரப்பர்த் தோட்ட வாழ்க்கையைப் பற்றி இங்கு நீட்டிக்க விரும்பவில்லை. பெரட்டு மணி, லயம், ஆயாக்கொட்டகை, கிராணி, தண்டல் என்றால் பெற்றோருக்கே தெரியும். உங்கள் பெற்றோருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பள்ளியைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பல இடங்களில் அது ஓர் ஓலைக் கொட்டகை. பாடம் சொல்பவர் கங்காணியோ கிராணியோ. அந்தக் கொட்டகைகளின் வழித்தோன்றல்களே இன்று நாம் பணியாற்றும் பள்ளிகளில் பல. பெயரில் 'லாடாங்' என்று இருக்கும், தோட்டம் இருக்காது. அப்படிப்பட்ட பள்ளிகள் நம் மாவட்டத்திலேயே உண்டு.

போர்க்காலத்தையும் இம்மாவட்டம் கண்டது. 1942 சனவரித் தொடக்கத்தில் சப்பானியர் படகுகளில் கோலசிலாங்கூர்க் கரைக்கு வந்தபோது பீரங்கிச் சூட்டால் விரட்டப்பட்டனர். ஆனால் நிலவழியாக வந்த படையைத் தடுக்க முடியவில்லை. அம்மாதம் 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. அதன் பின்னே வந்ததுதான் சயாம் மரண இரயில்பாதை. 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டனர். என் பாட்டியின் அண்ணனும் போனவர்களுள் ஒருவர். பாட்டி அவரைப் பற்றிப் பேசும்போது 'போனவரு' என்றுதான் சொல்வார். 'செத்தவரு' என்று ஒருநாளும் சொன்னதில்லை. மலாவாத்தி மலையிலிருந்து இறங்கும்போது இதனையும் நான் இப்போதெல்லாம் மாணவர்களுக்குச் சொல்கிறேன். குரங்குகளைவிட்டுக் கண்ணெடுத்துக் கேட்கும் செய்தி இது ஒன்றுதான்.

எரிந்துபோன பதிவேடுகள்

பெயர்கள் மறைவது பெரும்பாலும் யாருடைய சதியாலும் அன்று, கவனக்குறைவால்தான். பத்தாங் பெர்ஜுந்தை என்பதற்கு ஆற்றின்மேல் சாய்ந்து தொங்கும் அடிமரம் என்ற பொருள் வரும். அவ்வட்டாரம் ஈயத்தால் பெயர்பெற்றது. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தது. பெரிய வாளிக்கப்பல்கள் நின்றன. தோண்டிய குழிகள் ஏரிகளாயின. 2007இல் ஊரின் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றப்பட்டது. பெரியவர்கள் இன்றும் 'பத்தாங்' என்றுதான் சொல்கிறார்கள். பிள்ளைகளோ பெஸ்தாரி ஜெயா என்றால்தான் அறிவார்கள். ஆகவே, தாத்தாவின் பிறப்புப் பத்திரத்தைப் பிள்ளை படித்தால் எஸ்டேட்டும் தெரியவில்லை, ஊரும் தெரியவில்லை!

நான் நேரில் கண்ட ஒரு செய்தி. பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தோட்டப் பள்ளி புதிய இடத்திற்கு மாறியது. பள்ளியின் பெயர் வேண்டாம். புதிய கட்டடம் கிடைத்த மகிழ்ச்சியில் அனைவரும் இருந்தோம். பழைய கட்டடத்தைத் துப்புரவு செய்தபோது, கரையான் அரித்த மாணவர் சேர்க்கைப் பதிவேடுகளையும் நாற்காலிக் கட்டைகளையும் ஒன்றாகப் போட்டு எரித்தார்கள். எரிப்பதற்கு முந்தைய நாள் நான் அவற்றுள் ஒன்றைப் புரட்டிப் பார்த்திருந்தேன். பிள்ளையின் பெயர், தந்தை பெயர், லயத்தின் எண், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம். 1969க்குப் பின்வந்த பக்கங்களில் காரணம் என்னும் கட்டத்தில் ஒரே சொற்றொடர் வரிசையாக வந்துகொண்டிருந்தது: 'தாய்நாடு சென்றார்'. குடியுரிமை இல்லாத தொழிலாளர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் வந்து, குடும்பங்கள் கூட்டங்கூட்டமாக இந்தியாவுக்குத் திரும்பிய காலம் அது. ஒரு பக்கத்தில் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், ஒரே நாளில் விலகியிருந்தனர்.

இதை எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் போயிற்று. அப்போது எனக்கு வயது இருபத்தைந்து. பழைய தாள் என்று நினைத்தேன். மறுநாள் புகை வந்தபோதும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆகவே சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் பள்ளி அலமாரியில் அப்படி ஒரு பதிவேடு இருந்தால், அதை எடுத்து, கைப்பேசியிலாவது பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வையுங்கள். பெற்றோர்களே, வீட்டில் பழைய தகரப் பெட்டி இருக்கும். பிறப்புப் பத்திரம், தோட்டத் தொழிலாளர் சங்க உறுப்பினர் அட்டை (1954இல் தோன்றிய தேசியச் சங்கத்தின் அட்டை பல வீடுகளில் இருக்கிறது), சம்பளச் சீட்டு, தடுப்பூசி அட்டை, கோயில் திருவிழா அழைப்பிதழ் எதுவாயினும் சரி. தோட்டத்தின் பெயர் அச்சான தாள் எல்லாம் வரலாற்றுச் சான்றுதான். பிள்ளையிடம் அதைக் காட்டும்போது கிழவியோ கிழவரோ பக்கத்தில் இருக்கட்டும். தாள் பாதிதான் சொல்லும். மீதியை அவர்கள் சொல்வார்கள். 'துரை வைத்த பெயர் இது, நாங்கள் கூப்பிட்ட பெயர் வேறு' என்று ஒரு சொல் வரும். அதுதான் எந்த ஆவணத்திலும் இல்லாத செய்தி.

என் வகுப்புச் சுவரில் இப்போது ஒரு பெரிய தாள் ஒட்டியிருக்கிறோம். சிலாங்கூர் ஆறு நடுவில் நீல நிறத்தில் ஓடுகிறது. மேற்கு மூலையில் மலையும் கலங்கரை விளக்கமும். உள்ளே தள்ளி, பிள்ளைகள் கொண்டுவந்த தோட்டப் பெயர்கள் ஒவ்வொன்றாய் ஏறிக்கொண்டிருக்கின்றன. தொடக்கத்தில் இருபத்து மூவரில் அறுவருக்குத்தான் தங்கள் குடும்பத்தின் தோட்டப் பெயர் தெரிந்திருந்தது. ஒரு பருவம் முடிவதற்குள் பத்தொன்பது பெயர்கள் வந்துவிட்டன. மீதமுள்ள நால்வருள் இருவருக்குக் கேட்பதற்கு வீட்டில் யாரும் இல்லை.

தாத்தாவோடு ஒரு சனிக்கிழமை

தென்னைமரச் சிறுவனின் தாத்தா எழுபதைத் தொட்டவர். பால்மரம் சீவியவர், பிறகு குலை வெட்டியவர். தம் பெயர் வகுப்பில் அடிபடுவது தெரிந்து, "அம்மா, பிள்ளைங்களுக்கு நான் எடத்தக் காட்டுறேன்" என்று ஆள் சொல்லி அனுப்பினார். உரிய அனுமதி பெற்று, பெற்றோர் சிலரின் வண்டிகளில் ஒரு சனிக்கிழமை காலையில் போனோம்.

லயங்கள் இல்லை. மறுநடவு செய்யப்பட்ட செம்பனை, ஒரே உயரத்தில், கண்ணுக்கெட்டிய வரை நின்றது. பெரியவர் முதலில் தடுமாறினார். சூரியனைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், வரிசைகளை எண்ணுவதுபோல் விரலை மடக்கினார். பிறகு ஒரு வரிசைக்குள் நுழைந்து நேராக நடந்தார். நாங்கள் உதிரிப்பழங்களை மிதிக்காமல் பின்தொடர்ந்தோம். காய்ந்த மட்டைகளை அவர் காலால் ஒதுக்கியபோது, பாசி படிந்த ஒரு சிமெண்டு வளையம் தெரிந்தது. லயத்துப் பொதுக் கிணறு. பாதி தூர்ந்திருந்தது, அடியில் மழைநீர் கிடந்தது.

பிள்ளைகள் வளையத்தைச் சுற்றி நின்றுகொண்டார்கள். மலாவாத்தி மலைக்குப் போய்வந்த நினைவு இன்னும் ஆறவில்லை போலும்! பேரன் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "தாத்தா, இதுலயும் வெசம் இருந்துச்சா?"

"வெசமா?" என்றார் அவர். "இந்தத் தண்ணியக் குடிச்சுத்தான்டா உங்க ஆத்தா பத்துப் புள்ளயப் பெத்தா."

பிறகு வளையத்தின்மேல் கைவைத்துக் குனிந்து, வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பேரன் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து, முழங்கால்மேல் வைத்து, கிணற்றை வரைய ஆரம்பித்தான். படத்தின் அடியில் என்ன பெயர் எழுதுவது என்று என்னைக் கேட்டான். தாத்தாவைக் கேட்கச் சொன்னேன்.